ஒரே சாரதி, இரண்டு மெஷின், இரண்டு எண். எதை நம்புவது?

சீனக்குடா மேற்பார்வை:

வணக்கம். சீனக்குடாப் பக்கம் லொறி யார்ட் ஒன்றில் சாரதிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு முதல் லொறி கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்குக் கிளம்பும். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் மதுசாரம் பார்க்கும் மெஷினில் ஊத வேண்டும் என்பது கம்பனி விதி. கையடக்க மெஷின் இரண்டு இருக்கிறது. ஒன்று புதிது. மற்றது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே மேசை லாச்சியில் கிடப்பது.

போன கிழமை மூத்த சாரதி ஒருவர் ஊதினார். புது மெஷினில் 0.09 வந்தது. "இரவு ஒரு சொட்டும் எடுக்கவில்லை தம்பி, பிள்ளைகள் மேல் சத்தியம்" என்றார். பழைய மெஷினை எடுத்து ஊதச் சொன்னேன். 0.05. எங்கள் விதிப்படி 0.02க்கு மேல் யாரையும் ஏற்ற முடியாது, ஆகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அன்றைய சம்பளமும் வழிச்செலவுப் பணமும் அவருக்கு இல்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. ஒன்று சட்ட அளவான 0.08ஐத் தாண்டிய எண், மற்றது அதற்குள் அடங்கிய எண். இரண்டும் சரியாக இருக்க முடியாது அல்லவா?

கொழும்பில் விற்றவர்களிடம் கேட்டால் இரண்டையும் அனுப்புங்கள், சில கிழமைகள் ஆகும் என்கிறார்கள். அதுவரை வெறுங்கையோடு இருக்க முடியாது. வெந்நீரில் கொஞ்சம் சாராயம் கலந்து அந்த ஆவியை மெஷினுக்குள் விட்டு நாமே கலிபிரேஷன் செய்யலாம், அதாவது மெஷின் காட்டும் எண் சரியா என்று பார்த்துத் திருத்தலாம் என்று ஒருவர் சொன்னார். சரிவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலைக் கருவிக்காரர்:

தம்பி, முதலில் இரண்டு மெஷினிலும் எதையும் சரிசெய்யப் போகாதீர்கள். இப்போது இருக்கும் நிலை அப்படியே இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

துறைமுகப் பக்கத்து வேலைத்தலங்களில் வாயு அலாரம், ஒட்சிசன் மீட்டர், இந்த ஊதும் மெஷின் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். உங்கள் கதையைப் படித்ததும் நாலு கேள்வி வந்தது. முதலில் ஊதியது புது மெஷினிலா? இரண்டு ஊதலுக்கும் இடையில் எத்தனை நிமிடம்? ஊதுவதற்குச் சற்று முன் அவர் எதையாவது குடித்தாரா, வாய் கொப்பளித்தாரா, கையில் சானிடைசர் தடவினாரா? இரண்டு மெஷினிலும் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது?

கடைசிக் கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். நம் சட்டத்தின் அளவு 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 0.08 கிராம் மதுசாரம். மெஷின் அளப்பதோ இரத்தத்தை இல்லை, மூச்சை. 2100 மில்லிலீட்டர் மூச்சில் இருக்கும் மதுசாரம் ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் 0.08 என்பது ஒரு லீட்டர் மூச்சுக்கு 0.38 மில்லிகிராம். சில மெஷின் இரத்த எண்ணைக் காட்டும், சில மூச்சு எண்ணைக் காட்டும், இன்னும் சில ஆயிரத்துக்கு இத்தனை என்று காட்டும். திரையில் 0.40 என்று வந்தால், மூச்சு அலகில் அது சட்ட அளவுக்குச் சற்று மேல். ஆயிரத்துக்கு என்ற அலகில் அதுவே சட்ட அளவின் பாதி. வேறு நாட்டுக்காகச் செட் பண்ணிய மெஷினை இங்கே யாரும் அலகு பார்க்காமல் பாவிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

சாராய விஷயம். அந்த யோசனையின் அடிப்படை பிழையில்லை. ஆய்வுகூடத்திலும் தண்ணீரில் எதனோலை, அதாவது மதுசாரத்தைக் கலந்து, அதன் ஊடாகக் காற்றைக் குமிழியாக விட்டு, வெளியே வரும் ஆவியைத்தான் மெஷினுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆவியில் எவ்வளவு மதுசாரம் என்பது இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கிறது: கரைசலில் எவ்வளவு எதனோல், கரைசலின் வெப்பநிலை என்ன. போத்தல் லேபலில் இருக்கும் சதவீதத்தை வைத்து முதலாவதை நிச்சயப்படுத்த முடியாது. நீரற்ற எதனோலை நல்ல தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். அந்தத் தராசின் படியும் வெப்பமானியும் தேசிய நியமம்வரை, அதாவது நாட்டின் மூல அளவுவரை, தொடர்பு காட்ட வேண்டும். நம் நாட்டில் அந்த நியமங்களை வைத்திருப்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம்.

வெப்பநிலைதான் ஆட்களைக் கவிழ்ப்பது. வெளிவிடும் மூச்சின் வெப்பநிலை ஏறக்குறைய 34 பாகை என்பதால் கரைசலையும் 34.0 பாகை செல்சியஸில் வைப்பார்கள். ஆவியில் எவ்வளவு மதுசாரம் என்று கணக்கிடும் டுபொவ்ஸ்கி வாய்ப்பாட்டின்படி, லீட்டருக்கு 0.98 கிராம் எதனோல் உள்ள கரைசல் 34 பாகையில் லீட்டருக்கு 0.38 மில்லிகிராம் மதுசாரம் உள்ள ஆவியைத் தரும். அதே கரைசல் 28 பாகையில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு பாகை தவறினாலே ஏறத்தாழ ஏழு சதவீதம் தவறும். ஃபிளாஸ்க் வெந்நீரை வைத்து அதைப் பிடிக்கவே முடியாது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இந்தக் கரைசல் ஜாடியில் சூடாக்கும் கம்பி மட்டும்தான் இருக்கும், குளிராக்கும் வசதி இராது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் தகரக் கூரைக்குக் கீழ் அறையே 34ஐத் தாண்டும். ஜாடியின் வெப்பநிலை தானாகவே மேலே போய்விடும், சூடாக்கும் கம்பியின் சிவப்பு விளக்கு அணைந்தே கிடக்கும், பார்ப்பவர் எல்லாம் சரி என்று நினைப்பார். அதனால் நான் விடியலில் செய்வேன், இல்லாவிட்டால் ஏசி அறையில். ஏசியைக் கடுமையாக வைத்தாலும் ஆபத்து: ஜாடியிலிருந்து மெஷினுக்குப் போகும் குழாய் குளிர்ந்து உள்ளே நீர்த்துளி படியும், ஆவியில் இருந்த மதுசாரத்தில் ஒரு பங்கு அந்தத் துளிகளோடு தங்கிவிடும். குழாய் குட்டையாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊதலிலும் கரைசலில் இருந்து கொஞ்சம் எதனோல் வெளியேறுவதால் ஒரே கரைசலை நாட்கணக்கில் ஓட்டவும் கூடாது.

இதைவிட எளிது உலர் வாயு. நைதரசனில் அளந்து கலந்த எதனோல், சிறிய சிலிண்டரில் வரும். சூடாக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது காலாவதித் திகதியும் வளிமண்டல அமுக்கமும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் லேபலில் உள்ள எண்ணுக்குக் கிட்டவே வரும். அதே சிலிண்டரை 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கணக்கிட வேண்டும். என்னிடம் 0.080 சிலிண்டர் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை விடிய நேரம் இருந்தால் நான் யார்டுக்கு வருகிறேன், இரண்டு மெஷினையும் பார்த்துவிடலாம்.

மூதூர் வான்காரன்:

நல்ல திரி. நான் மூதூர், கிண்ணியா, திருகோணமலை என்று வான் ஓடுகிறேன். மெஷினை விடுங்கள், ரோட்டில் பொலிஸ் எங்களைப் பலூன்தானே ஊதச் சொல்கிறது. அதை யார் எப்போது கலிபிரேஷன் செய்கிறார்கள்? அது பிழையாக நிறம் மாறினால் நாங்கள் என்ன செய்வது?

உவர்மலைக் கருவிக்காரர்:

தம்பி, பலூனோடு வரும் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது பொற்றாசியம் இருகுரோமேற்றும் சல்பூரிக் அமிலமும் ஊட்டிய மஞ்சள் பளிங்குகள். மதுசாரம் பட்டால் பச்சையாகும். பலூன் ஒரு குறித்த அளவு மூச்சைப் பிடிப்பதற்காக. அரைகுறையாக ஊதினால் குழாயைத் தாண்டிப் போகும் மூச்சும் அரைகுறைதான். குழாயில் ஒரு கோடு இருக்கும், பச்சை அதைத் தாண்டினதா என்று பார்ப்பார்கள்.

ஒரு முறை பாவித்து எறிகிற பொருள் என்பதால் ஒவ்வொரு குழாயையும் கலிபிரேஷன் செய்ய வழியில்லை. தயாரிக்கும் இடத்தில் ஒரு தொகுதியில் சிலவற்றை எடுத்துச் சோதித்து அந்தத் தொகுதிக்கு இலக்கமும் காலாவதித் திகதியும் போடுகிறார்கள். ஆகவே நீங்கள் பார்க்கக் கூடியது: திகதி, குழாயின் இரண்டு முனையும் உங்கள் முன்னால் உடைக்கப்பட்டதா, ஊதுவதற்கு முன் பளிங்கு முழுக்க மஞ்சளாக இருந்ததா. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

பலூன் சந்தேகத்தை எழுப்பும் சோதனை, அவ்வளவுதான். அரச வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. நிச்சயமாகக் குடிக்கவில்லை என்றால் ரோட்டில் நின்று சண்டை பிடிக்காமல் அதைக் கேளுங்கள்.

லண்டன் பாலையூற்றான்:

பாலையூற்றில் பிறந்து இப்போது லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். இங்கே ரோட்டில் ஊதுவதும் பொலிஸ் நிலையத்தில் ஊதுவதும் வேறு வேறு. ரோட்டில் கையடக்க மெஷின், அது பிடித்துக்கொண்டு போவதற்கு மட்டும். நிலையத்தில் பெரிய மெஷின். அதில் இரண்டு முறை ஊத வேண்டும், இரண்டில் குறைந்த எண்ணைத்தான் வழக்குக்கு எடுப்பார்கள். நாம் ஊதுவதற்கு முன்னும் பின்னும் மெஷின் தெரிந்த அளவு ஆவியைத் தானே இழுத்துத் தன்னைச் சோதித்துத் தாளில் அச்சடிக்கும். அந்தச் சோதனை எல்லைக்குள் வராவிட்டால் நம் எண்ணுக்கும் பெறுமதி இல்லை. இங்கிலாந்தில் அளவு 100 மில்லிலீட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம், ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பரில் இருந்து 22.

சீனக்குடாத் தம்பி, உங்கள் யார்டிலும் இரண்டு முறை ஊத வைத்து எழுதினால் என்ன?

சீனக்குடா மேற்பார்வை:

எல்லாருக்கும் நன்றி. உவர்மலை அண்ணா கேட்டதற்குப் பதில். முதலில் ஊதியது புது மெஷினில். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பழையதில். அலகு இரண்டிலும் ஒன்றுதான், இரத்த எண். சாரதியைக் கேட்டேன். யோசித்துவிட்டு, வயிற்றுக் கோளாறுக்கு ஒரு மாதமாகத் தசமூலாரிஷ்டம் குடிப்பதாகவும், அன்று யார்ட் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் ஒரு மூடி குடித்ததாகவும் சொன்னார். அது மருந்துதானே என்று அவர் நினைத்திருக்கிறார்.

உவர்மலைக் கருவிக்காரர்:

அரிஷ்டம் நொதிக்க வைத்துச் செய்யும் மருந்து, அதில் மதுசாரம் தானாகவே உண்டாகும். ஒரு மூடி அரிஷ்டம் இரத்தத்தில் ஏற்றும் அளவு மிகச் சிறியது. 0.02ஐக் கூட எட்டாது. ஆனால் வாய்க்குள்ளும் தொண்டையிலும் ஒட்டியிருக்கும் ஈரத்தில் இருந்து எழும் ஆவி நேரே மெஷினுக்குள் போகும். மெஷினுக்கு அது நுரையீரலில் இருந்து வந்ததா, நாக்கில் இருந்து வந்ததா என்று தெரியாது. அந்த ஆவி நிமிடத்துக்கு நிமிடம் வேகமாகக் குறையும். இரத்தத்தில் உள்ள மதுசாரமோ மணிக்கு ஏறத்தாழ 0.015 என்ற அளவில்தான் குறையும். மூன்று நிமிடத்தில் 0.09 எண் 0.05 ஆவதற்கு ஈரல் காரணமாக இருக்கவே முடியாது.

இதற்காகத்தான் 15 நிமிடக் காத்திருப்பு என்ற விதி. ஊதுபவர் உங்கள் கண் முன்னால் 15 நிமிடம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல், புகைக்காமல் இருக்க வேண்டும். ஏவறை விட்டாலோ வாந்தி எடுத்தாலோ மறுபடி முதலில் இருந்து. கைக்குச் சானிடைசர் தடவுவதை ஊதி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காற்றில் நிற்கும் அந்த ஆவியையும் மெஷின் எண்ணும்.

ஆனால் கதை இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாய் ஆவி குறைந்ததால் மட்டும் எண் இறங்கியதா, பழைய மெஷின் குறைத்துக் காட்டுகிறதா என்பது இன்னும் தெரியாது. சனிக்கிழமை சிலிண்டரோடு வருகிறேன்.

சீனக்குடா மேற்பார்வை:

அண்ணா வந்து போனதும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பிரயோசனப்படும். வெயில் ஏறும் முன் செய்தோம். முதலில் இரண்டு மெஷினிலும் வெறும் காற்றைச் சோதித்தார், இரண்டும் 0.000. பிறகு 0.080 வாயுவை ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை விட்டார், நடுவில் நிமிடக்கணக்கில் ஆறவிட்டு. புது மெஷின் 0.078, 0.079, 0.079, 0.080, 0.079. பழையது 0.061, 0.060, 0.060, 0.059, 0.058. எதையும் திருத்தவில்லை. திகதி, நேரம், அறை வெப்பநிலை, சிலிண்டர் இலக்கம், மெஷின் இலக்கம் எல்லாம் எழுதி இருவரும் ஒப்பம் வைத்தோம்.

இதைப் பார்த்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. புது மெஷின் வருமுன் எல்லாரையும் பழையதில்தானே ஊத வைத்து அனுப்பினார்கள்.

உவர்மலைக் கருவிக்காரர்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், தம்பி. உங்கள் மெஷினுக்குள் இருப்பது எரிபொருட் கலம். பிளாட்டினம் பூசிய இரண்டு முகம், நடுவில் அமிலம் ஊறிய தகடு. எதனோல் அதில் பட்டு அசற்றிக் அமிலமாக ஒட்சியேறும்போது வரும் மின்னோட்டத்தைத்தான் எண்ணாக மாற்றுகிறது. வருடங்கள் போகப் போக அந்தக் கலம் களைக்கும், தகடு உலரும். அதே அளவு மதுசாரத்துக்குக் குறைந்த மின்னோட்டமே வரும். வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்டில் போட்டு வைத்தால் இன்னும் விரைவாகக் கெடும். ஆக, பழைய மெஷின் பெரும்பாலும் பிழைக்கிற திசை கீழ்நோக்கித்தான்.

கூட்டிக் காட்டும் மெஷினைப் பற்றி சாரதி சத்தம் போடுவார், வக்கீல் கேட்பார், உங்களைப் போல ஒருவர் நித்திரை கெட்டு இங்கே எழுதுவார். குறைத்துக் காட்டும் மெஷினைப் பற்றி முறையிட ஆளே இல்லை. ஊதியவருக்குச் சந்தோஷம், மேற்பார்வையாளருக்கும் நிம்மதி. உண்மையில் 0.10 உள்ள ஒருவர் உங்கள் பழைய மெஷினில் 0.075 என்று காட்டி, பொலிஸ் அளவுக்குள் இருப்பவர் போல் தெரிவார். அவர்தான் இருட்டில் ஹபரணைக் காட்டுப் பாதையில், யானை கடக்கும் இடத்தில் பத்துத் தொன் சுமையோடு போகிறவர். நான் கலிபிரேஷன் என்று வாய் ஓயாமல் கத்துவது அந்த ஆளுக்காகவும் அவர் எதிரே வருபவருக்காகவும்தான். பிழையாக மாட்டிக்கொண்ட சாரதிக்கு நியாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பிழையாகத் தப்பியவரைக் கண்டுபிடிக்க, தெரிந்த அளவு ஆவியை மெஷினுக்குக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

எதையும் திருத்தாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்குத்தான். போன உடனேயே ஒரு பொத்தானை அமத்தி 0.080க்குக் கொண்டுவந்திருந்தால் மெஷின் இன்றைக்குச் சரி. ஆனால் நேற்றுவரை கால் பங்கு குறைத்துக் காட்டியது என்ற செய்தி அழிந்து போயிருக்கும். மெஷின் இருந்த நிலையிலேயே எடுத்த அளவீடு முதலில், திருத்தம் பிறகு, திருத்திய பின் அளவீடு மறுபடி. மூன்றும் தாளில் இல்லாத சான்றிதழை நான் சான்றிதழாக எடுப்பதில்லை. 'பாஸ்' என்று மட்டும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எதையும் சொல்லாது.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்றும் கேட்பீர்கள். சர்வதேசச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 126 என்ற பரிந்துரை, வழக்குக்குப் பாவிக்கும் மெஷின் சேவையில் இருக்கும்போது லீட்டருக்கு 0.030 மில்லிகிராம் அல்லது 7.5 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதுவரை விலகலாம் என்கிறது. சட்ட அளவுக்குப் பக்கத்தில் அது 0.074 முதல் 0.086 வரை. உங்கள் புது மெஷின் உள்ளே தாராளமாக நிற்கிறது. பழையது வெளியே, அதுவும் ஊதலுக்கு ஊதல் இறங்கிக்கொண்டே போகிறது. அந்த இறக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கலம் முடிகிற அறிகுறி அது. கலத்தை மாற்றாமல் எண்ணை மட்டும் தூக்கிவிட்டால் கொஞ்ச மாதத்தில் மறுபடி இறங்கும்.

லண்டன் தம்பி சொன்ன இரட்டை ஊதல் நல்ல யோசனை. ஒரே மெஷினில், 15 நிமிடம் காத்த பிறகு, இரண்டு ஊதல். இரண்டும் 0.01க்குள் ஒத்துப்போகாவிட்டால் வாய் ஆவியையோ அரைகுறை மூச்சையோ சந்தேகியுங்கள், எண்ணை எழுதிவிட்டு மறுபடி காத்திருக்க வையுங்கள்.

மூதூர் வான்காரன்:

அண்ணா, அந்த மூத்த சாரதி விஷயம் என்ன ஆனது? அவர் குடித்தவரா இல்லையா?

உவர்மலைக் கருவிக்காரர்:

அன்றைய இரண்டு எண்ணையும் வைத்து அவர் குடித்தவர் என்றும் சொல்ல முடியாது, குடிக்காதவர் என்றும் சொல்ல முடியாது. முதல் ஊதலில் வாய் ஆவி இருந்தது. இரண்டாவதில் அது எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, மெஷினும் குறைத்துக் காட்டியது. இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒருவரின் சம்பளத்தை வெட்டக் கூடாது என்பது என் கருத்து. வண்டியில் ஏற்றாமல் விட்டது சரி. சம்பளத்தைப் பிடித்தது சரியில்லை.

சீனக்குடா மேற்பார்வை:

மேலே பேசினேன். அளவீட்டுத் தாளைக் காட்டியதும் அன்றைய சம்பளத்தைக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள், வழிச்செலவுப் பணம் இல்லை என்கிறார்கள். அரிஷ்டத்தை வேலை முடிந்து வீட்டில் குடிப்பதாக ஐயாவும் சொல்லிவிட்டார். பழைய மெஷினைத் திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்புகிறேன். புதியதை மட்டும் பாவிக்கிறோம். அனுப்பும்போது வேறு எதையும் கவனிக்க வேண்டுமா?

உவர்மலைக் கருவிக்காரர்:

நாம் ஒப்பம் வைத்த தாளின் பிரதி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். திருத்துவதற்கு முன் அவர்களும் ஒரு தடவை அளந்து அந்த எண்ணை எழுதித் தர வேண்டும் என்று கடிதத்தில் கேளுங்கள். கலத்தை மாற்றினார்களா, எந்தச் செறிவில் எத்தனை புள்ளியில் சரிபார்த்தார்கள் என்பதும் வர வேண்டும். 0.08இல் மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் கம்பனி எல்லை 0.02 என்றபடியால் அந்த அளவிலும் ஒரு புள்ளி கேளுங்கள். பெட்டியைப் பகல் பஸ்ஸின் டிக்கிக்குள் போட்டு அனுப்பாதீர்கள், இரவு பஸ்ஸில் கொடுங்கள். திரும்பி வந்ததும் பாவிப்பதற்கு முன் எனக்கு அழையுங்கள், சிலிண்டரில் இன்னும் வாயு இருக்கிறது.